வாய் கூசிய டாக்டர்

மாதவிடாய் நின்ற பெண்கள் என் கிளினிக்குக்கு வந்தால் சுகர் பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன், முட்டிவலிக்கு மாத்திரை எழுதுவேன். எடை ஏறினால் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் ஏறும் என்பதை மட்டும் சொன்னதில்லை. தெரியாமல் இல்லை. நானே கனத்த உடம்புக்காரி. சொல்ல வாய் கூசியது.

சினைப்பை ஓய்ந்தபின் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்களை அங்குள்ள அரோமடேஸ் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். மார்பகப் புற்றில் பெரும்பாலானவை அந்த ஈஸ்ட்ரோஜனைக் கொண்டே வளர்பவை. ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு நான் எழுதித் தரும் லெட்ரோசோல் தடுப்பதும் இதே அரோமடேஸைத்தான். அவர்களிடம் விளக்கியதை நோய் வராதவர்களிடம் விளக்கவில்லை.

சாக்குகளுக்குக் குறைவில்லை. ஒல்லியானவர்களுக்கும் வருகிறதே, உண்மைதான். மாதவிடாய் நிற்கும் முன் பருமனாக இருப்பவர்களிடம் இந்தப் புற்று சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது, அதுவும் உண்மை. (அதைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தேன்.) 2016-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அதிக உடல் கொழுப்போடு தொடர்புள்ள 13 புற்றுகளைச் சொன்னது. மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்று அதில் ஒன்று. பி.எம்.ஐ. ஐந்து புள்ளி கூடினால், அதாவது ஐந்தடிப் பெண்ணுக்குச் சுமார் 12 கிலோ ஏறினால், அபாயம் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுகிறது. எடையைக் குறைத்து, திரும்ப ஏறவிடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு அபாயம் குறைந்ததை அமெரிக்க நர்ஸுகளிடம் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. இவ்வளவும் படித்தவள்தான் நான்.

ஒரு நாள் ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, மணிபர்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை மிஷினில் ஏறினார். 78. "பட்டுப்புடவை டாக்டர், அதுவே கனம்" என்றார். சிரித்தோம். இறங்கும்போது தயங்கிக் கேட்டார்: "குண்டா இருந்தா மார்ல கேன்சர் வருமாமே, பையன் சொல்றான். நிஜமா?"

"குண்டா இருக்கறவங்க எல்லாருக்குமா வருது? என்னைப் பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்றேன்.

அவர் நிம்மதியாகப் போனார். பிரஷர் மாத்திரைக்கு இன்றும் மாதாமாதம் வருகிறார். அந்தப் பதிலை நான் இன்னும் திருத்தவில்லை.