அலாரத்தை அடக்கச் சொன்னவன்

அந்த விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. "பணியிலிருந்த காவலர் வகுக்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றவில்லை." அதை எழுதியவன் நான். அது பொய். எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

அலாரத்தை அடக்கியது அவர் கை. அடக்கச் சொன்னது நான். அவர் என் சொந்தக் கைபேசிக்குக் கூப்பிட்டார். கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசியில் பேசியிருந்தால் பேச்சு பதிவாகியிருக்கும். கைபேசியில் என்ன பேசினோம் என்பதற்குப் பதிவு கிடையாது. அந்த ஓட்டை வழியாகத்தான் நான் தப்பித்தேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி போர்த்திய ஓர் ஐ.டி. கட்டடம். அதில் சில மாடிகள் எங்கள் நிறுவனத்துடையவை. கட்டடப் பராமரிப்பு, காவல், அவசரகாலக் குழு மூன்றும் என் பொறுப்பு. குழுவை ஈ.ஆர்.டி. என்போம். மாடிக்கு ஒரு வார்டன். கழிப்பறை, பேன்ட்ரி, மீட்டிங் ரூம் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து உள்ளே ஆளில்லை என்று சொல்ல இருவர். முதலுதவிக்கு இருவர். நடக்க முடியாதவர்களையும் கர்ப்பிணிகளையும் கூடவே இருந்து இறக்க ஒருவர். ஐ.எஸ்.ஓ. 45001 தணிக்கைக்கு வந்தவர் என் கோப்பைப் பார்த்துவிட்டு, மற்ற கிளைகளுக்கும் இதை மாதிரியாக அனுப்பலாம் என்றார். அன்று மாலை வீட்டில் இதை இரண்டு தடவை சொன்னேன்.

அந்தக் கோப்பின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே பகல் ஷிப்ட். எங்களுக்கு அமெரிக்க வாடிக்கையாளர்கள் அதிகம். இரவிலும் மாடிகள் நிறைந்திருக்கும். இரவு ஆட்களைப் பயிற்சிக்கு அழைத்தால் இரண்டு மணி நேரம் வேலை நிற்கும். மேனேஜர்கள் முகம் சுளித்தார்கள். நான் வற்புறுத்தவில்லை. குழுவில் இருந்தவர்களில் பலர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். லிஃப்ட் அருகே ஒட்டிய படத்தில் மட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெங்களூருக்குப் போய் வருடம் ஆகியிருந்தது. மாக் டிரில்லுக்கு முந்தின நாளே மின்னஞ்சல் போய்விடும். காலை பதினொரு மணிக்கு ஹூட்டர் அடிக்கும். காபிக் கோப்பையோடு இறங்கி வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரமான கட்டடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடத்தச் சொல்கிறது. நடத்தினேன். படம் எடுத்துக் கோப்பில் வைத்தேன். இரவில் ஒரு தடவைகூட நடத்தவில்லை.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், பேன்ட்ரிப் பையன்கள், காவலர்கள் யாரும் அந்தத் திட்டத்தில் இல்லை. கீழே அசெம்ப்ளி பாயிண்டில் தலை எண்ணும்போது ஊழியர் அட்டைப் பதிவை வைத்துத்தான் எண்ணுவோம். ஒப்பந்த ஆட்களின் பெயர் ஏஜென்சி சூப்பர்வைசரின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டு யார் கைக்கும் வராது. அந்தச் சூப்பர்வைசர் ஒரு கூட்டத்தில் கேட்டார். "எங்க ஆளுங்களையும் டிரெய்னிங்ல சேர்த்துக்கலாமா சார்?" அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். பணமில்லை என்று காரணம் சொன்னேன். பணம் இருந்தது. என் ஸ்லைடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் மறுபடி தயாரிக்க எனக்குச் சோம்பல். அந்த ஏ.சி. அறையில் அவர்களை உட்காரவைத்துப் பேசுவது என் தகுதிக்குக் குறைவு என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. இன்று இதை எழுதக் கூசுகிறது. அன்று கூசவில்லை.

பயிற்சி வகுப்பில் நான் நன்றாகப் பேசுவேன். பெங்களூரு கார்ல்டன் டவர்ஸைச் சொல்வேன். 2010 பிப்ரவரி 23. அலுவலகக் கட்டடம். மின்கம்பிகள் போகும் வழியில் பிடித்த தீயின் புகை மாடிகளில் ஏறியது. வெளியேறும் வழிகள் அடைபட்டுக் கிடந்தன. ஒன்பது பேர் செத்தார்கள்.

பிறகு ரிக் ரெஸ்கார்லாவுக்கு வருவேன். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர். வியட்நாமில் போரிட்டவர். 1993இல் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தது. மறுபடியும் தாக்குவார்கள் என்று அவர் நம்பினார். நிறுவனம் இடம் மாறவில்லை. அதனால் ஒத்திகை நடத்தினார். பெரிய பெரிய பங்குத் தரகர்களையும் போனை வைக்கச் சொல்லி, இருவர் இருவராகப் படியில் இறக்கினார். அவர்கள் எரிச்சல்பட்டார்கள். அவர் விடவில்லை. 2001 செப்டம்பர் 11 காலை 8.46க்குப் பக்கத்துக் கோபுரத்தில் விமானம் மோதியது. தெற்குக் கோபுரத்தில், அவரவர் இடத்திலேயே இருங்கள் என்று அறிவிப்பு வந்தது. அவர் அதற்குச் செவிகொடுக்காமல் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஆட்களை இறக்கத் தொடங்கினார். 9.03க்கு அந்தக் கோபுரத்திலும் விமானம் மோதியது. அந்த நிறுவனத்தின் சுமார் 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். மிச்சமிருப்பவர்களைத் தேடி மேலே ஏறிய அவர் திரும்பவில்லை.

இந்த இடத்தில் வகுப்பு கைதட்டும். அந்தக் கைதட்டலை நான் எனக்கே வாங்கிக்கொள்வேன்.

என் கையேட்டில் இன்னொன்றும் இருந்தது. 1970இல் கலிபோர்னியாக் காட்டுத்தீக்களில் பல துறைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தடுமாறிய பிறகு அங்கே ஒரு தலைமை முறையை வகுத்தார்கள். சம்பவ இடத்துக்கு முதலில் வருபவரே தலைவர். அவரைவிடத் தகுதியானவர் வந்து பொறுப்பேற்கும்வரை முடிவு அவருடையது. இதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். நடப்பில் என் கைபேசிக்குக் கூப்பிட்டுக் கேட்காமல் அந்தக் கட்டடத்தில் ஒரு நாற்காலி நகராது. அப்படி வைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த அறிக்கைக்குக் காரணமான விபத்துக்குச் சில மாதம் முன்னால் ஓர் இரவு யாரோ மைக்ரோவேவில் எதையோ கருக்கிவிட்டார்கள். ஹூட்டர் அடித்தது. இரண்டு மாடி ஆட்கள் கீழே வந்துவிட்டார்கள். வாடிக்கையாளரோடு நடந்துகொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது. மறுநாள் டெலிவரித் தலைவர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். "ஒரு டோஸ்ட்டுக்காக இவ்வளவு பேரை ரோட்டுல நிறுத்துவீங்களா?" என் முகம் செத்துவிட்டது. ரெஸ்கார்லாவாக இருந்தால் ஆமாம் என்றிருப்பார். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலையே காவலர்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தேன். ராத்திரியில் ஹூட்டர் அடித்தால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள், நான் சொல்லாமல் ஆளை இறக்காதீர்கள். எழுத்தில் கொடுக்கவில்லை. எழுத்தில் கொடுக்கக்கூடாத உத்தரவு என்று எனக்கே தெரிந்திருந்தது.

விபத்து நடந்த இரவு நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். காவலர் கூப்பிட்டார்.

"சார், யூ.பி.எஸ். ரூம் பக்கம் பேனல்ல ஃபயர் காட்டுது. ஹூட்டர் அடிக்குது. கூமுட்டை நாத்தம் வருதுங்கறாங்க. ஆளுங்கள இறக்கிடட்டுமா சார்?"

யூ.பி.எஸ். அறையில் வரிசையாக ஈய அமில பேட்டரிகள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிச் சூடாகும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதை வகுப்பில் சொல்பவனே நான்தான். அந்த நாற்றம் வந்தால் உள்ளே போய்ப் பார்க்காதே, ஆளை வெளியேற்று என்று ஸ்லைடில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறேன்.

இது தெரியாமல் செய்த தப்பு இல்லை. எனக்குத் தெரியும். அன்று மேல் மாடியில் ஒரு பெரிய ரிலீஸ் நடந்துகொண்டிருந்தது. டெலிவரித் தலைவரின் முகம்தான் எனக்கு முதலில் வந்தது.

"இறக்க வேணாம். அந்த ஸோனை ஐசோலேட் பண்ணிட்டு ரீசெட் பண்ணுங்க. அப்புறம் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"சார், வாடை ரொம்ப..."

"சொன்னதைச் செய்ங்க."

ரீசெட் என்றால் என்னவென்று வாசிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அலாரம் அடிக்கும்போது அந்தக் கட்டடம் தானாகச் சில வேலைகளைச் செய்யும். புகையைக் குழாய்களில் பரப்பாமலிருக்க ஏ.சி. காற்று நின்றுவிடும். படிக்கட்டில் புகை நுழையாமலிருக்க விசிறிகள் காற்றை அழுத்தும். அட்டை காட்டித் திறக்கும் கதவுகளெல்லாம் பூட்டு விட்டுவிடும். ரீசெட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகும். ஏ.சி. ஓடும். விசிறி நிற்கும். கதவுகள் பூட்டிக்கொள்ளும். அந்தப் பகுதியை ஐசோலேட் செய்துவிட்டால் அங்கே எத்தனை புகை வந்தாலும் பேனல் வாய் திறக்காது.

யூ.பி.எஸ். அறையை ஒட்டிய சர்வீஸ் நடையில் ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒருவர் மாப் அலசிக்கொண்டிருந்தார். ஹூட்டர் கேட்டதும் வாளியை வைத்துவிட்டுப் படிக்கட்டுக் கதவுவரை வந்திருக்கிறார். அப்போது அது திறந்திருந்தது. போகலாமா, சூப்பர்வைசர் திட்டுவாரா என்று நின்றிருக்கிறார். ஹூட்டர் நின்றுவிட்டது. ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று திரும்பி வேலைக்குப் போய்விட்டார். அவரை உள்ளே திருப்பி அனுப்பியது என் உத்தரவு. அதை நான் வேறு எப்படியும் சொல்ல முடியாது.

புகை வந்தபோது கதவு பூட்டியிருந்தது. அவருடைய அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது. கதவின் பக்கத்தில் பச்சைப் பெட்டி ஒன்று உண்டு. அதன் முகப்பை அழுத்தி உடைத்தால் பூட்டு விடும். ஊழியர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவருக்கு யாரும் சொன்னதில்லை. துடைக்கும் துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறார்.

பார்த்துவிட்டு வரப் போன காவலர் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. பச்சைப் பெட்டியைப் பற்றி அவருக்கும் வகுப்பு எடுத்ததில்லை. எங்கள் ஆட்கள் ஒத்திகையில் உடைத்ததைப் பார்த்திருக்கிறார். தன் பக்கத்தில் இருந்ததைக் குத்தி உடைத்துக் கதவைத் திறந்து அந்தம்மாவைத் தோளில் சாய்த்துக் கீழே கொண்டுவந்தார். என்னைக் கேட்காமல் 101க்கு அடித்தார். அதற்குள் புகை அடுத்த பகுதிக்குப் போய் ஹூட்டர் தானாக மறுபடி அடிக்க, மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள். வார்டன் யாரும் இல்லை. தாங்களாகவே இறங்கினார்கள். தலை எண்ணவும் யாரும் இல்லை. யாரும் சாகவில்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த அந்தம்மா எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்களே வந்துட்டீங்களே சார்" என்று கைகூப்பினார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை. பிறகு அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. இரண்டு மாடி ஏற முடியாது. ஏஜென்சி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்குப் போனாள். எங்கள் நிறுவனம் கொடுத்த தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சொல்ல நா எழவில்லை.

விசாரணைக் குழுவுக்கு உறுப்பினர் செயலாளர் நான். குற்றம் செய்தவனே குறிப்பெடுத்தேன். காவலர் வந்து நின்றார். "சார் சொன்னாங்க" என்று என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னுதான் சொன்னேன்" என்றேன். அதுவும் நான் சொன்ன வார்த்தைதான். அதற்கு முன்னால் சொன்னதை விட்டுவிட்டேன். அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் எந்தக் கேள்விக்கும் மறுத்துப் பேசவில்லை. அந்த வாரமே அவரை எடுத்துவிட்டார்கள். எனக்குத் தலைமையகத்திலிருந்து பாராட்டு மின்னஞ்சல் வந்தது. ஆட்கள் அனைவரும் பத்திரமாக வெளியேறியதற்காக.

ஓய்வு பெற்ற பிறகுதான் வாய் திறந்தேன். அதையும் சொல்லியாக வேண்டும். வேலையும் பணிக்கொடையும் பத்திரமானபின் வந்த நேர்மை இது. நிறுவனத்துக்கும் ஏஜென்சிக்கும் நடந்ததை எழுதினேன். அந்தக் கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று நிறுவனம் பதில் போட்டது. ஏஜென்சி பதிலே போடவில்லை.

காவலரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கிறார். வைவார் என்று எதிர்பார்த்தேன். "சரி சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதை எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார். தமிழ்ல குடுங்க. புது எடத்துல கேக்குறப்ப காட்டணும்" என்றார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆட்களை இறக்க அவர் அனுமதி கேட்டார். நான் மறுத்தேன். அலாரத்தை ரீசெட் செய்யச் சொன்னது நான். கதவைத் திறந்ததும் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டதும் அவர்.

அந்தம்மாவை இன்னும் போய்ப் பார்க்கவில்லை. வீடு எங்கே என்று தெரியும். பழம் வாங்கி வந்த பெரிய மனுஷன் என்றே அவர் என்னை நினைத்திருப்பார். அந்த நினைப்பைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் மனமில்லை.