மழை நாளில் மட்டும் வந்த நோய்

எங்கள் வீட்டு மைவிக்கு வந்த நோய் விசித்திரமானது. வெயில் நாளில் ஒரு குறையும் கிடையாது. மழை பெய்தால் மட்டும், சந்தியில் காத்திருந்து ஜாலான் மேருவுக்குள் நுழைய மிதிக்கும்போது இஞ்சின் அலறும், கார் நகராது. ஓரிரு நொடி கழித்துத் திடுக்கென்று பாயும். வலப்பக்கத்தில் லோரி வந்துகொண்டிருக்கையில் அந்த ஓரிரு நொடி மிக நீளம். காரை ஓட்டுவது என் மகள். பின்னிருக்கையில் பேரப்பிள்ளைகள் இருவர், பள்ளிப் பையோடு.

கிள்ளானில் ஒரு பட்டறையில் காட்டினார்கள். “கியர்பாக்ஸ் வழுக்குது, இறக்கணும், 3,000 வெள்ளிக்குப் பக்கமா ஆகும்” என்று பதில் வந்தது. “பிள்ளைங்க போற வண்டி மாமா, செஞ்சிடுவோம்” என்றார் மருமகன். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்தவன் நான். ஓர் இயந்திரம் எப்போது கெடுகிறது என்று கேட்பதைவிட, எப்போது கெடாமல் இருக்கிறது என்று கேட்பது எங்களுக்குப் பழக்கம். கியர்பாக்ஸுக்கு வெளியே மழை பெய்வது எப்படித் தெரியும்?

இஞ்சின் சத்தம் போட்டும் கார் நகரவில்லை என்றால் இரண்டு இடத்தில் சந்தேகப்படலாம். இஞ்சினின் பலம் சக்கரத்துக்கே போய்ச் சேரவில்லை: அது கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் கோளாறு. அல்லது சக்கரம் வரை போய்விட்டது, சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் பிடி இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கருவி வேண்டாம், டாஷ்போர்டே போதும். சுழற்சி முள் ஏறி, வேக முள் அப்படியே கிடந்தால் கோளாறு உள்ளே. வேக முள்ளும் சேர்ந்து துள்ளினால் சக்கரம் நின்ற இடத்தில் சுழல்கிறது என்று அர்த்தம். ஏனென்றால், வேக முள் காட்டுவது கார் போன தூரத்தை அல்ல, சக்கரம் சுற்றிய கணக்கை. மறுநாள் மாலை மழையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கார் நின்ற இடத்திலேயே நிற்க, வேக முள் இருபதைத் தொட்டு இறங்கியது. காய்ந்த சாலையில் அதே சந்தியில் அதே மிதி. கார் சாதுவாகப் போனது. கியர்பாக்ஸுக்கு விடுதலை கொடுத்தேன்.

மேருக்காரர்களுக்குச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுமான இடங்களிலிருந்து லோரிச் சக்கரம் இழுத்து வரும் மண், செம்பனைப் பழ லோரி சிந்தியது, வண்டிகள் ஒழுக விட்ட எண்ணெய் எல்லாம் வெயிலில் சாலையோடு ஒட்டிக் கிடக்கும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் அவை நீரோடு கலந்து குழம்பாகிவிடும். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகுகூட அவ்வளவு வழுக்காது, தூறல்தான் ஆபத்து. சந்தியில் சக்கரம் நிற்கும் இடம் பெரும்பாலும் வெள்ளைக் கோடு. அந்தச் சாயம் நனைந்தால் தாரைவிட வழவழப்பு. மைவியோ முன்சக்கர இழுவைக் கார். மிதித்தவுடன் பாரம் பின்னால் சாயும், இழுக்க வேண்டிய முன்சக்கரம் லேசாகிவிடும். இரண்டில் ஒன்று பிடி விட்டால் போதும், டிஃபரன்ஷியல் பலத்தை அந்தப் பக்கமே வீணடிக்கும். இப்போதைய கார்களில் இதைத் தடுக்க மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. எங்களுடையது 2012 மாடல், அதில் கிடையாது.

ஆனால் சாலை எல்லாருக்கும் ஒன்றுதான். மற்றக் கார்கள் போகின்றனவே? குனிந்து டயரைப் பார்த்தேன். பள்ளம் நன்றாகவே இருந்தது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர், இதில் நாலுக்குக் குறையாது. மருமகன் நம்பிக்கையோடு இருந்ததில் தப்பில்லை. நான் விரல் நகத்தால் ரப்பரை அழுத்தினேன். நல்ல ரப்பர் கொஞ்சம் உள்வாங்கும். இது மேசைப் பலகை மாதிரி இருந்தது.

டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ என்ற எழுத்துகளைத் தொடரும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எங்கள் முன் டயர்களில் 1416, அதாவது 2016-இன் 14-ஆவது வாரம். பின் டயர்களில் 3821. வீட்டில் கூரையில்லாத இடத்தில் வெயிலில் நிற்கும் வண்டி, ஓட்டமும் குறைவு. அதனால் டயர் தேயவில்லை, காய்ந்துவிட்டது. தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், வயது தெரியாது. சொந்தக் கார்களுக்கு வருடாந்தரப் பரிசோதனையும் நம் நாட்டில் இல்லை. கைமாறும்போதுதான் யாராவது குனிந்து பார்ப்பார்கள்.

என் பாட்டி காப்பார் பக்கம் பால்மரம் வெட்டியவர். பால் கட்டியானால் எப்படி இருக்கும், பழைய ஷீட் எப்படி வெடிக்கும் என்று கையால் தொட்டே சொல்வார். அந்தக் கைகள் வளர்த்த பொருளைத்தான் நாம் காலால் எத்தி “காற்று இருக்கு” என்று திருப்தியடைகிறோம்.

டயர்க் கடைத் தவுக்கே ஒரே தொடலில், “தாயார் சூடா கெராஸ், அங்கள்” என்றார். இறுகிப் போச்சு. இரண்டு புது டயர், பேலன்சிங், அலைன்மென்ட் சேர்த்து 430 வெள்ளி. புதியதை முன்னால் மாட்டப் போனார். இழுப்பது முன்சக்கரம் என்பதால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் பின்னால் மாட்டச் சொன்னேன். பின்னால் இருந்த 2021 டயர்கள் இன்னும் மிருதுவாக இருந்ததால் அவை முன்னுக்கு வந்தன. ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் கார் வளைவில் அகலமாகப் போகும்; ஓட்டுபவருக்குத் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். என் மகளுக்கோ எனக்கோ அதை அடக்கும் வித்தை தெரியாது. டயர் நிறுவனங்கள் பலவும் இதையேதான் சொல்கின்றன. தவுக்கே தோளைக் குலுக்கிவிட்டு மாட்டிக் கொடுத்தார்.

காற்றை நான் வீட்டுக்குப் பக்கத்து எண்ணெய் நிலையத்தில், டயர் சூடாவதற்கு முன் காலையில், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வைத்தேன். புது டயரில் தயாரிப்பு அச்சின் வழவழப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரமே நல்ல தூறல். சந்தியில் வேக முள்ளும் காரும் ஒன்றாகக் கிளம்பின.

பூட்டைத் திறந்து மாற்று டயரையும் பார்த்தேன். ஒருநாள்கூடத் தரையைத் தொடாத டயர், முடி முடியாக ரப்பர் நூல்கூட அப்படியே இருக்கிறது. இலக்கம் 0512. அதற்கும் விலை கேட்டிருக்கிறேன்.