ஷாப்லியில் மண் இல்லை

நம் விமர்சனத்தில் மிக அதிகமாகப் புழங்கித் தேய்ந்துபோன வார்த்தை 'மண்வாசனை'. வட்டார நாவல் என்றால் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான். அந்த வார்த்தையின் மேல் எனக்குச் சந்தேகம் தட்டியது ஷாப்லி என்கிற பிரெஞ்சு வெள்ளை ஒயினால்.

புதுச்சேரிக் கிளையில் வேலை பார்த்த நாட்களில் நண்பர் ஒருவர் வீட்டில் அது கிடைத்தது. பாரிஸிலிருந்து வந்திருந்த அவர் தமையனார் கொண்டுவந்த பாட்டில். வெளிறிய மஞ்சள், ஓரத்தில் லேசாகப் பச்சை. இனிப்பு இல்லவே இல்லை. முதலில் பச்சை ஆப்பிளின் புளிப்பு. விழுங்கிய பின் நாக்கில் ஒரு வறட்சி, நனைந்த சுண்ணாம்புச் சுவரை முகர்ந்த மாதிரி. "கல் தெரியுதா தம்பி?" என்றார். சிக்கிமுக்கிக் கல்லின் ருசி என்பார்கள் பிரெஞ்சுக்காரர்கள். தெரிந்தது. அவர் சொன்னதால் தெரிந்ததா என்பது தனிக் கேள்வி.

ஷாப்லி, பர்கண்டியின் வடகோடியில் ஸெரென் என்ற சிற்றாற்றங்கரை ஊர். திராட்சை ஷார்தொனே ஒன்றுதான். சரிவுகளில் இருப்பவை 15 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும். காற்புள்ளி வடிவச் சின்னச் சிப்பிகள் அதில் கல்லாகிக் கிடக்கின்றன. கதை தானாக அமைந்துவிடுகிறது: சிப்பி மண்ணில் விளைந்தது, ஆகவே சிப்பியோடு குடி.

பச்சைச் சிப்பியோடு அது சேர்வது நிஜம். காரணம் வேறு. உப்பு, புளிப்பின் முனையை மழுக்குகிறது. மாங்காய்க் கீற்றை உப்பில் தொட்டுத் தின்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆட்டுப்பால் சீஸோடும் வெண்ணெயில் வாட்டிய மீனோடும் புளிப்பு கொழுப்பை அறுக்கிறது. (எங்களுக்கு அன்று வாய்த்தது வஞ்சிர வறுவல். மிளகாய்த்தூளுக்கு முன் ஒயின் வாய் திறக்கவில்லை.)

கல் ஒயினுக்குள் போவதில்லை என்று வாதிக்கிறவர் நிலவியல் அறிஞர் அலெக்ஸ் மால்ட்மன். 2018இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே வந்தது. பாறைக்கு ருசி கிடையாது. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த தாதுக்களை. ஒயினில் எஞ்சும் அளவு நாக்குக்கு எட்டாது. ருசியும் மணமும் திராட்சையும் ஈஸ்டும் உண்டாக்குபவை. இதைவிட வேடிக்கை, மழை விழுந்ததும் எழும் வாசனையிலேயே பெரும்பங்கு மண்ணுடையதல்ல. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின். 1965இல் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். அழுகல் கண்ட திராட்சை வழியே அது ஒயினில் சேர்ந்தால் ஒயின் பழுது என்று ஒதுக்குகிறார்கள்.

அப்படியானால் ஊர் எதற்கு? கலிபோர்னியாவில் விளைந்ததைப் பெரிய ஜாடிகளில் அடைத்து 'ஷாப்லி' என்று வெகுகாலம் விற்றார்களே, அதுவும் சரிதானா? சரியில்லை. ஊர் வேலை செய்கிறது, மறுப்பதன் மூலம். குளிர் பழத்தை அவசரமாகப் பழுக்க விடுவதில்லை; புளிப்பு எஞ்சுவது அதனால்தான். சரிவு தண்ணீரைத் தேங்க விடுவதில்லை. ஏப்ரல் உறைபனி தளிரைக் கருக்கிவிடும். 2021இல் பெருத்த சேதம். கொடிவரிசைகளுக்கு நடுவே இரவெல்லாம் தீச்சட்டி எரிக்கிறார்கள். சில தோட்டங்களில் தளிர்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள், அது உறையும்போது வெளிவிடும் வெப்பம் தளிரைக் காப்பாற்றும் என்று. தென்மேற்கு வெயில் வாங்கும் ஒரே குன்றுச்சரிவில் சுமார் 100 ஹெக்டேருக்குத்தான் உச்சத் தரமான 'கிராண்ட் க்ரு' பட்டம்.

நாம் என்ன செய்கிறோம்? வட்டாரச் சொற்களைத் தூவி, கோயில் கொடையையும் கருவாட்டுக் குழம்பையும் நிரப்பியவனுக்கு மண்வாசனைச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறோம். ஓர் ஊர் தன் ஜனங்களுக்கு எதைக் கொடாமல் வைத்திருக்கிறது, அதில் அவர்கள் பேச்சும் மௌனமும் எப்படி இறுகிப்போயின என்று எழுதுகிறவனுக்கு வட்டாரச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படாமல் போகலாம். அவனை 'ஊரில்லாத எழுத்து' என்று தள்ளிவிடுகிறோம். போன மாதம் மதிப்புரைக்கு வந்த கடலோர நாவலில் கருவாடு பதினோரு இடத்தில் மணக்கிறது. மீன் படாத நாள் ஒன்றுகூட அதில் இல்லை.