பொத்தான் உரைக்கும் வரலாறு

2001ஆம் ஆண்டு, லிதுவேனியாவின் தலைநகரான வில்னியசில் பழைய படைமுகாம் இருந்த இடத்தில் கட்டுமானப் பணிக்காக நிலம் தோண்டப்பட்டது. அங்கே மனித எலும்புகள் குவியல் குவியலாக வெளிப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் கொடுமைகள் பலவற்றைக் கண்ட நகரம் அது. எனவே, அந்நூற்றாண்டில் கொல்லப்பட்டோரின் எலும்புகளோ என முதலில் ஐயம் எழுந்தது. எலும்புகளுக்கிடையே கிடந்த நாணயங்களும் சீருடைப் பொத்தான்களும் அந்த ஐயத்தைப் போக்கின. பொத்தான்களில் நெப்போலியனுடைய படைப்பிரிவுகளின் எண்கள் இருந்தன. 1812இல் ரஷ்யாவின்மீது படையெடுத்து, தோற்றுத் திரும்பும் வழியில் குளிராலும் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் அவர்கள். அக்குழியில் 3000க்கும் மேற்பட்டோர் கிடந்தனர், பெரும்பாலோர் இளைஞர்.

முகப்பும் உலோகமும்

படைவீரர் எப்பிரிவைச் சார்ந்தவர் என்பதை எளிதில் அறியும்பொருட்டே பொத்தானில் எண் பொறிக்கும் வழக்கம் தோன்றியது. பிரான்சில் 1762இலும் பிரிட்டனில் 1767இலும் இதற்கான ஆணைகள் பிறந்தன. இத்தகைய ஆணைகளே இன்று காலத்தைக் கணிக்க உதவும் அளவுகோல்கள்.

பிரிட்டன் படையின் பொத்தான்களை எடுத்துக்கொள்வோம். சாதாரண வீரர்களின் பொத்தான்கள் 1855 வரை வெள்ளீயக் கலவையால் ஆனவை. பின்னர் அவை பித்தளைக்கு மாறின. 1871இல் பெரும்பாலான வீரர்களுக்கு, அரச இலச்சினை பொறித்த பொதுப் பொத்தான் வழங்கப்பட்டது. அதன்பின் வீரரின் பொத்தான் காலத்தைச் சுட்டுமேயன்றிப் படைப்பிரிவைச் சுட்டுவதில்லை. அதிகாரிகளின் பொத்தான்களோ பிரிவின் அடையாளத்தைத் தொடர்ந்து தாங்கின. 1881இல் காலாட்படைப் பிரிவுகளின் எண்கள் நீக்கப்பட்டு, வட்டாரப் பெயர்கள் சூட்டப்பட்டன.

மணிமுடியின் வடிவமும் ஒரு சான்று. 1901இல் விக்டோரியா மறைந்தபின் ஆண்ட மன்னர்களின் காலத்தில் பொறிக்கப்பட்ட முடியின் வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்திருக்கும். 1952இல் இரண்டாம் எலிசபெத் அரசியான பின் ஏற்கப்பட்ட முடியின் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும்.

பின்புறம் கூறும் செய்தி

பொத்தானைத் திருப்பிப் பார்த்தால் செய்தோரின் பெயரும் ஊரும் காணப்படலாம். நிறுவனங்கள் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொள்வது இயல்பு. பழைய வணிகப் பெயரேடுகளோடு ஒப்பிட்டால், பொத்தான் செய்யப்பட்ட காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் குறுக்கிவிடலாம். பிரிட்டன் நிறுவனத்தின் பெயரில் ‘லிமிடெட்’ என்னும் சொல் இருப்பின், அப்பொத்தான் 1855க்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. அச்சொல்லைப் பெயரில் சேர்க்கும் முறையை நிலைநாட்டிய சட்டம் அவ்வாண்டிலேயே வந்தது. இவ்வெழுத்துகள் மிக மெல்லியவை. பளபளப்பாக்கும் ஆர்வத்தில் பொத்தானைத் தேய்ப்பவர், முலாமோடு சான்றையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

சான்றின் எல்லை

பொத்தான் செய்யப்பட்ட காலம் வேறு. அது மண்ணில் விழுந்த காலம் வேறு. புதிய ஆணை வந்த மறுநாளே பழைய சட்டைகள் மறைந்துவிடுவதில்லை. கிழிந்த சட்டையின் பொத்தான் வேறொரு சட்டையில் தைக்கப்படும். போரில் வென்றவர் கைக்கும் போகும். ஆகவே, 1855க்குப் பிந்திய பித்தளைப் பொத்தான் ஒரு குழியில் கிடைத்தால், அது அவ்வாண்டிற்குமுன் அங்கு வந்திருக்க இயலாது என்பது மட்டுமே உறுதி. எத்தனை ஆண்டுகள் கழித்து வந்தது என்பதைப் பிற சான்றுகளே கூறவேண்டும். வில்னியசிலும் ஒற்றைப் பொத்தானைக் கொண்டு முடிவு செய்யவில்லை. பல பொத்தான்களும் நாணயங்களும் எலும்புகளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

அங்கே கிடைத்த எலும்புகள் 2003இல் அந்நகரின் அந்தக்கல்னிஸ் கல்லறைத் தோட்டத்தில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. எண் பொறித்த பொத்தான் எந்த வீரனின் பெயரையும் மீட்டுத் தரவில்லை. ஆயினும், அவர்கள் எந்தப் போரில் மாண்டவர்கள் என்பதை அறிய அது துணைநின்றது. அறிந்த அளவைத் தெளிவாகக் கூறி, அதற்குமேல் கூறாது நிற்பதே மாண்டோர்க்கு ஆய்வாளர் செய்யும் நேர்மையான மரியாதை.