கண்டதும் கேட்டதும்



தென்மாவட்டங்களின் ஊர்களையும் மலைகளையும் பற்றி எழுதும் பயண மாத இதழ் ஒன்றுக்கு அண்மையில் இரண்டு கட்டுரைகள் எழுதிக் கொடுத்தேன். முதலாவது, நான் வாழும் திருப்பரங்குன்றத்தைப் பற்றியது. இரண்டாவது, 14ஆம் நூற்றாண்டு மதுரையைப் பயணி இப்னு பதூதா கண்ட விதம் பற்றியது. மதரஸாவில் நஹ்வும் ஃபிக்ஹும் கற்பிக்கும் ஒருவருக்குப் பயண இதழில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். பயணம் நம் கல்விக்கு அந்நியமானதன்று. ஒரேயொரு நபிமொழியைக் கேட்பதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரு மாதத் தொலைவு பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

இதழின் துணையாசிரியர் ஓர் இளம்பெண். “ஐயா, 700 சொற்கள் போதும். மூன்று படங்கள். பேருந்து, உணவு விவரங்களைத் தனியே பெட்டியில் போட்டுவிடுவோம்” என்றார். வாசிப்பவர் ஊருக்குப் புதியவர் என்று எண்ணி எழுத வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அந்த நிபந்தனை கடினமாகவே இருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் காலையில் கதவைத் திறந்ததும் எதிரே நிற்கும் குன்றைப் புதியவராக நின்று பார்ப்பது எளிதா? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் குறிப்பேட்டுடன் குன்றைச் சுற்றி நடந்தேன். பூ விற்கும் அக்கா ஒருவர், “என்ன பாய், நிலம் அளக்குறீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரே குன்றில் எத்தனை காலங்கள்! மேற்குச் சரிவில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்துகளும் உள்ளன. வடபுறம் பாண்டியர் காலக் குடைவரையில் முருகன் கோயில். தென்புறத்தில் உமையாண்டார் குடைவரை. முதலில் சமணருடையதாக இருந்து, 13ஆம் நூற்றாண்டில் சைவக் கோயிலானது. மேலே காசி விசுவநாதர் கோயிலும், உச்சியில் சிக்கந்தர் பாதுஷா தர்காவும் இருக்கின்றன. (தர்கா ஸியாரத் குறித்து இங்கு வாசிப்போரிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் அறிவேன். அது இக்கட்டுரையின் பொருளன்று.)

எழுத அமர்ந்தபோது ஹதீஸ் கலையின் பழக்கமே கைகொடுத்தது. செவியில் விழுந்ததையெல்லாம் பிறருக்குச் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கிவிடும் என்னும் கருத்துடைய நபிமொழியை மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் கற்பிக்கிறேன். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, இது நான் கண்டதா, கேட்டதா, ஏட்டில் படித்ததா என்று வினவினேன். உச்சியில் தர்கா இருப்பது கண்டது. அங்கு அடங்கியிருப்பவர் மதுரை சுல்தான்களுள் இறுதியானவர் என்பது வழிவழியாகக் கேட்டது. இரண்டையும் இரண்டு வாக்கியங்களாக எழுதினேன். துணையாசிரியர் அவற்றை ஒன்றாக்கி, கடைசி சுல்தான் வீழ்ந்த குன்று என்று அழகாகத் திருத்தி அனுப்பினார். “உங்கள் கட்டுரையில் ‘சொல்லப்படுகிறது’ என்பது நான்கு இடங்களில் வருகிறது ஐயா, வாசிப்பவருக்கு அலுப்புத் தட்டும்” என்றார். அலுப்புத் தட்டட்டும் அம்மா, வேறு எந்த வரியை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கண்மாய்க் கரையின் மாலைப் பொழுதைப் பற்றிய என் பத்தி அவ்வாறே வெட்டுப்பட்டது. அதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

வேறொரு கேள்வியும் எழுந்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குன்றின் மீது ஆடு, கோழி அறுப்பது தொடர்பாகவும், அவ்வாண்டின் இறுதியில் கார்த்திகை தீபம் ஏற்றும் இடம் தொடர்பாகவும் எழுந்த பிணக்குகளை நாடே பேசியது. அதிலிருந்தே கட்டுரையைத் தொடங்கலாமே என்றார் அவர். நான் இணங்கவில்லை. அதை மறைக்கவும் விரும்பவில்லை. குன்றின் எப்பகுதி யாருக்கு உரியது என்பது 1923இல் மதுரை நீதிமன்றத்திலும் 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் தீர்ப்பான வழக்கு என்றும், வழக்குகள் இன்றும் தொடர்கின்றன என்றும் இரண்டு வரிகள் எழுதினேன். வழக்குக்கு வெளியே இவ்வூரில் அன்றாடம் நடப்பது வேறு. பெருநாளுக்குப் புத்தாடை தைத்துத் தருபவரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் வைப்பவரும் ஒரே தெருவில் கடை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கட்டுரைதான் என்னை அதிகம் சோதித்தது.

இப்னு பதூதா 1325இல் தம் 21ஆம் வயதில் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டவர். மாலத்தீவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு 1344 அளவில் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. இருவரும் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள். பயணிக்கு விருந்தும் மரியாதையும் கிடைத்தன. ஆயினும் அவர் பதிவு செய்தவை விருந்தினர் எழுதும் புகழுரைகளாக இல்லை. சிறைப்பட்ட ஆண்களைக் கழுவேற்றியதையும், அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் எழுதினார். முதியவரான ஹொய்சள மன்னர் வீரவல்லாளரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாமே கண்டதாகச் சொன்னார்.

அவற்றுள் ஒன்று என்னை உறங்கவிடவில்லை. சுல்தான் உணவருந்திக்கொண்டிருக்கிறார். ஒருபுறம் காஜி, மறுபுறம் இப்னு பதூதா. ஒரு கைதியும் அவனுடைய மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்படுகிறார்கள். சுல்தான் கையசைக்க, மூவரும் அங்கேயே கொல்லப்படுகிறார்கள். தாம் பார்வையைத் திருப்பிக்கொண்டதாகவும், எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்ததாகவும் பயணி கூறுகிறார். குழந்தைகளையும் பெண்களையும் கொல்வதை வேறெந்த மன்னரிடமும் தாம் அறிந்ததில்லை, அது இழிசெயல், அதற்காகவே அல்லாஹ் அவருக்கு விரைவில் மரணத்தை அளித்தான் என்பது அவருடைய தீர்ப்பு. காஜி எதுவும் பேசியதாக அவர் எழுதவில்லை. மார்க்கம் கற்றவர் ஒருவர் அந்த விரிப்பில் அமர்ந்திருந்தார் என்ற செய்தியைப் படித்தபின் என்னால் எளிதில் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

இதைக் கட்டுரையில் சேர்த்தேன். அச்சுக்குப் போகுமுன் எங்கள் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஹஜ்ரத், இதை எழுத ஊரில் வேறு ஆளே இல்லையா? இன்றைக்கு ஊர் இருக்கிற இருப்பில், நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமா?” என்றார். அவருடைய அச்சம் நியாயமானது. சென்ற ஆண்டு தடையுத்தரவு நாள்களில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலிருந்தவர் அவர். நான் அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தைச் சொன்னேன். நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி இறைவன் பணிக்கும் இடம் அது. சொந்தச் சகலையின் கொடுமையை இப்னு பதூதா எழுதியிருக்கும்போது, அந்த அரசனோடு எந்த உறவும் இல்லாத நான் மறைப்பதற்கு என்ன காரணம்? ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பதும் குர்ஆன் கற்பிப்பதே. கியாஸுத்தீனின் கணக்கு கியாஸுத்தீனிடம் கேட்கப்படும். காஜிமார் தெருவில் அத்தர் விற்பவரிடம் கேட்கப்படாது. “வசனம் சரி ஹஜ்ரத், வாட்ஸ்அப்பை நினைத்துத்தான் பயப்படுகிறேன்” என்றார் பெரியவர்.

அவர் பயந்ததில் ஒரு பகுதி நடந்தது. இதழ் வெளிவந்த மூன்றாம் நாள், வீரவல்லாளர் பற்றிய பத்தி மட்டும் படமாகக் கைப்பேசிகளில் வந்தது. பயணியின் கண்டனம் இருந்த அடுத்த பத்தி கத்தரிக்கப்பட்டிருந்தது. அதே நாளில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதழுக்கு எழுதிய கடிதமும் எனக்கு வந்தது. கண்டனம் இருக்கும் பத்தியைத் தம் பேரனுக்குப் படித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். கத்தரித்த படத்தை எனக்கு அனுப்பியோர் அனைவருக்கும் முழுப் பக்கத்தையும் பதிலாக அனுப்பினேன். சிலர் நன்றி தெரிவித்தனர், பலர் பதிலளிக்கவில்லை.

பெரியவர் இன்றும் என் கருத்துக்கு உடன்படவில்லை. ஆனால் ஃபஜ்ருக்குப் பின் தேநீர்க் கடையில் அவரே இந்தப் பேச்சை எடுக்கிறார். அந்தக் காஜியின் பெயர் என்ன, அவர் ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்கிறார். யானைமலையைப் பற்றி அடுத்து எழுதும்படி இதழிலிருந்து அழைப்பு வந்துள்ளது. ஷஅபான் மாத விடுமுறையில் மூத்த மாணவர்கள் நால்வருடன், இன்ஷா அல்லாஹ், அங்குச் செல்ல எண்ணியுள்ளேன்.

வஸ்ஸலாம்.