மாஸ்டரின் டென்ட் எங்கே ஒழுகியது?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். பஸ் இறக்கிவிட்டபோது பத்து மணி இருக்கும். எதிர்க்கடை போர்டு தெரியாத அளவுக்கு மிஸ்ட். மார்க்கெட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் ஒரு குஷன் கடை. ஆட்டோ சீட், ஜீப் ஹூட், லாரித் தார்ப்பாய் எல்லாம் தைக்கிறார்கள். பழைய டென்ட்டையும் ஒழுகாமல் சரிசெய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். வாசலிலேயே ரெக்ஸின் வாடையும் சொல்யூஷன் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்கிறார்கள். அவருக்கு எதிரே ஸ்டூலில் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர், காலடியில் நீல நிற மூட்டை. 2004ல் வாங்கிய டென்ட்டாம், மூன்று பேர் படுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப்போகும்போதெல்லாம் அதையும் கூடவே எடுத்துப்போயிருக்கிறார். "இதே சைஸ் புதுசு ஆறாயிரத்துக்கு வருதே மாஸ்டர்?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் மூட்டையைப் பிரித்து, வாசல் மடிப்பின் உள்பக்கத்தைக் காட்டினார். பால்பாயின்ட் பேனாவால் வரிசையாகப் பிள்ளைகளின் பெயர்கள், பக்கத்தில் வருஷம். கொசுவர்த்தி பட்டு விழுந்த ஓட்டை ஒன்றைச் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது. அதற்குமேல் நான் விலையைப் பற்றிப் பேசவில்லை.

பிரிக்கும்போதே துணி 'சரக் சரக்' என்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. கூடவே புளித்த வாந்தி வாடை. பாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, பழகியவர். "பரண்ல போட்டு வெச்சிருந்தீங்களா மாஸ்டர்?" என்றார். ஆமாம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், ஈரம் முழுக்கக் காயாமல். வெளியுறைத் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும்; மழையைத் தடுப்பது பெரும்பாலும் அதுதான். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் முறையிலேயே சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு செதிள் செதிளாக உதிரும். வாடையும் அங்கிருந்து வருவதுதான்.

பாய் முதலில் செய்தது வேறு சோதனை. உறையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். கிழியவில்லை. "வெயில்ல வெந்த துணின்னா காகிதம் மாதிரி போயிடும். அப்படிப் போனா நான் கை வைக்க மாட்டேன், காசு வேஸ்ட்டு."

மாஸ்டருக்கு நோய் என்னவென்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதாக நினைப்பு. "கூரைத் துணி தேஞ்சுபோச்சு பாய். அதான் நானே ஸ்பிரே வாங்கி அடிச்சிட்டேன். அது போதும்னு சொன்னாங்க." எந்தக் கடையில் சொன்னார்கள் என்பது இருக்கட்டும். வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நானும் விசாரித்திருந்தேன். அங்கே மொட்டை மாடிக்கு அடிக்கிற வாட்டர்புரூஃப் பெயின்ட்டையே பூசச் சொன்னார்கள்! மடிக்கிற துணியில் அது எத்தனை நாள் நிற்கும்?

சொன்னதை விட்டுவிட்டு ஊற்றிப் பார்க்கலாம் என்றேன். கடைக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி முற்றம். டென்ட்டை அங்கே நிறுத்தி, உள்ளே தரை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்தோம். பாய் பூவாளியில் தண்ணீர் பிடித்து வந்து மேலே ஊற்றினார். வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. ஸ்பிரே அதன் வேலையைச் செய்திருக்கிறது. மாஸ்டர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

இரண்டு பூவாளி காலியானதும் உள்ளே குனிந்து நுழைந்தேன். செய்தித்தாளில் ஈரம் திட்டுத்திட்டாக இல்லை, கோடு போட்டதுபோல இருந்தது. உச்சியிலிருந்து மூலைக்கு இறங்கும் தையல்கள் நாலு. நாலுக்கும் நேர் கீழே ஈரக்கோடு. அண்ணாந்து பார்த்தால் தையலின் மேல் ஒட்டியிருந்த டேப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்குகிறது. ஊசி போன துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வழி. இது போக, பின்பக்கப் பலகம் ஒன்றில் பூச்சு உதிர்ந்த இடத்தில் மட்டும் துணியே கசிந்தது. மற்ற பலகங்களில் சொட்டு இல்லை.

"மழையே பெய்யாத ராத்திரியில கூட ஒழுகியிருக்கே?" என்று மாஸ்டர் விடவில்லை. அது ஒழுகலே இல்லை என்றார் பாய். மூன்று பேர் மூடிய டென்ட்டில் படுத்தால், விடிவதற்குள் அவர்கள் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் வியர்த்துச் சொட்டும். அது பலகம் முழுக்கச் சீராகப் படியும், தையலை மட்டும் தேடிப் போகாது. அதற்கு மருந்து காற்றுத் திறப்பை மூடாமல் விடுவதுதான். மாஸ்டரின் டென்ட்டில் அந்தத் திறப்பு இரண்டையும் யாரோ ஊக்கு குத்தி மூடியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

சுத்தம் செய்வதற்கே மதியம் வரை ஆனது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் குளியல் சோப்பு, மெதுவான பிரஷ். சோப்புத்தூளும் வாஷிங் மெஷினும் கூடாதாம். தூள் துணியில் தங்கினால் அதுவே தண்ணீரை உள்ளே இழுக்கும். பிறகு ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் ரிப்பேர் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருக்கும் அதே திரவம்தான், லிட்டர் 320 ரூபாய். பழைய பனியன் துணியை அதில் நனைத்துத் தேய்த்ததும் தையல் டேப்பின் பசை உருண்டு உருண்டு வந்தது. உதிரும் பூச்சையும் அப்படியே வழித்தெடுத்தார். நானும் ஒரு பக்கம் தேய்த்தேன். வாடை பாதியாகக் குறைந்தது, கை மரத்துப்போனது.

பூசுவது எதை என்பதில்தான் தகராறு. பாய்க்குச் சிலிக்கான் மேல் நம்பிக்கை. கண்ணாடி ஒட்டுகிற நிறமில்லாத சிலிக்கான் ட்யூப் 180 ரூபாய், டர்பன்டைனில் கரைத்துப் பூசினால் முடிந்தது என்றார். மாஸ்டரின் மகன் ஆன்லைனில் வரவழைத்த யூரித்தேன் சீலர் 28 கிராம் 950 ரூபாய். கேட்டதும் பாய் சிரித்தார். துணி எந்த ஜாதி என்று பார்க்க, அவர் தையலருகே செலோடேப் ஒரு துண்டை அழுத்தினார். நன்றாகப் பிடித்தது. சிலிக்கான் பூசிய துணியென்றால் டேப் பிடிக்காது; ஆக இது பாலியூரித்தேன்தான். டென்ட்டின் பையும் அதே துணி. அதில் ஓர் ஓரத்தில் சிலிக்கான், இன்னோர் ஓரத்தில் யூரித்தேன் என்று தடவி வைக்கச் சொன்னேன். பாய்க்கு என்மேல் கொஞ்சம் எரிச்சல்தான்.

மறுநாள் காலையில் நகத்தால் சுரண்டினேன். சிலிக்கான் ஒரே இழுப்பில் நாடாவாக உரிந்து வந்தது. யூரித்தேன் துணியோடு துணியாக இருந்தது. பாய் தானும் ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஜீப் ஹூடுல நல்லா நிக்குது, இதுல நிக்கலை. மாஸ்டர், உங்க ட்யூபைக் குடுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார், அது முக்கியம்: சிலிக்கானை ஒருமுறை பூசிவிட்டால் அதன் மேல் வேறு எதுவும் பிடிக்காது. முதல் நாளே டென்ட் முழுக்கப் பூசியிருந்தால் அவ்வளவுதான்.

வெளியுறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிக் கம்பிகளில் மாட்டினார்கள். அப்போதுதான் தையல் விறைப்பாக நிற்கும், துளை விரிந்து சீலர் உள்ளே இறங்கும். ஒரு சிறிய பிரஷ்ஷால் தையல் கோட்டின் மேல் விரல் அகலத்துக்கு மெல்லியதாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு தையலுக்குக் கால் மணி நேரம். கெட்டியாக அப்பினால் மடிக்கும்போது வெடிக்கும் என்பதால் நிதானம். உதிர்ந்த பலகத்துக்கு மட்டும் தண்ணீரில் கரைந்த பாலியூரித்தேன் பூச்சு, புட்டி 1,750 ரூபாய். அதையும் மகன்தான் வாங்கியிருந்தார். பூசும்போது பால் மாதிரி வெள்ளையாக இருந்து, காயக் காய நிறமில்லாமல் ஆனது. காய ஒரு நாள் முழுக்க வேண்டும், இந்த மிஸ்டில் அதற்கு மேலும். மாலையில் மழை வரும்போல இருந்ததால் எல்லாவற்றையும் கடைக்குள் தூக்கி, ஜீப் ஹூடுகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டோம்.

உள்ளே தைத்திருந்த லேபிளை அப்போதுதான் படித்தேன். உறைக்கு 2,000 மி.மீ., தரைத்துணிக்கு 3,000 மி.மீ. என்று இருந்தது. அதாவது இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர்க் கம்பம் மேலே நின்றாலும் துணி வழியே கசியக் கூடாது. மழைத்துளிக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் ஈரத்தரையில் ஒருவர் முட்டி போட்டால் அந்த ஓரிடத்தில் விழும் அழுத்தம் மிக அதிகம். தரைக்கு எண் கூடுதலாக இருப்பது அதனால்.

காய்ந்ததும் தையலின் மேல் முகப்பவுடரைத் தூவித் தடவினார் பாய், மடித்து வைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. மறுபடி முற்றம், மறுபடி செய்தித்தாள், மறுபடி பூவாளி. இந்த முறை நானே நாலு பூவாளி ஊற்றினேன். தையல்களுக்குக் கீழே காகிதம் மொடமொடவென்று இருந்தது. பின்பலகமும் தேறிவிட்டது. ஆனால் நடுவில் இரண்டு இடத்தில் காகிதம் அடியிலிருந்து ஊறியிருந்தது. கூரையைக் காட்டி ஸ்பிரே அடித்த மாஸ்டருக்கு இப்போது தரையைக் காட்ட வேண்டியிருந்தது. அங்கேயும் பூச்சு தேய்ந்திருக்கிறது, புட்டியோ காலி.

கணக்குப் போட்டோம். சீலர், பூச்சு, ஐ.பி.ஏ., பாயின் கூலி 600, ஆக மொத்தம் 3,620 ரூபாய். புதுசின் விலையில் பாதிக்கு மேல். லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். மாஸ்டர் கணக்கையே பார்க்கவில்லை. இன்னொரு புட்டிக்கு மகனுக்கு போன் போடத் தொடங்கிவிட்டார். பாய் தடுத்தார். "ஐப்பசி மழை முடியறவரைக்கும் இது போதும் மாஸ்டர், இருங்க" என்று உள்ளே போய், டென்ட்டுக்கு அடியில் விரிக்க ஒரு பழைய பிளக்ஸ் பேனரை இழுத்து வந்தார். ஏதோ கவுன்சிலரின் பிறந்தநாள் வாழ்த்து, கும்பிட்ட கைகளோடு.

தரைத்துணியை அதன் மேல் விரித்து, ஓரத்திலிருந்து நாலு விரற்கடை உள்ளே தள்ளிச் சாக்பீஸால் கோடு போட்டார். "வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா, மேலேருந்து வழியற தண்ணி பிளக்ஸ்ல விழுந்து அடியில போய் தேங்கிடும். அப்புறம் டென்ட்டைக் குறை சொல்லுவீங்க." கத்தரி கவுன்சிலரின் வலது காதோரம் போனது. பேனருக்கு மட்டும் அவர் காசு வாங்கவில்லை.