கியர் ஏன் விழ மறுக்கிறது?



பிழைப்பின் நிமித்தம் ஊரை விட்டு நகரத்தில் குடியேறிய நம்மில் அநேகர் முதன்முதலாக வாங்குவது புதிய கார் அல்ல, ஒருவர் ஓட்டி முடித்த பழைய கார்தான். அதன் முக்கியமான வேலை அலுவலகத்துக்குப் போய் வருவதும் அல்ல. ஊரிலிருக்கும் வயதான பெற்றோரிடம் நம்மைக் கொண்டு சேர்ப்பதும், அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும்தான். ஆகையால் அப்படிப்பட்ட வண்டியில் கியர் கடினமாகிவிட்டால் அதை ஒரு இயந்திரக் கோளாறு என்று மாத்திரம் எண்ணி விட்டுவிட முடிவதில்லை. அதைச் சார்ந்து நிற்கும் குடும்பத்தின் ஏற்பாடுகள் எல்லாம் ஆட்டம் காண்கின்றன.

நாங்கள் சென்னைக்கு அடுத்த ஆவடியில் வசிக்கிறோம். என் தாயார் சந்திரகிரியில் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சித்தூர் மாவட்டத்திலிருந்து அதனுடன் சேர்ந்த ஊர் அது. விஜயநகர அரசர்களின் கோட்டையும் ராஜமகாலும் இருப்பதால் பலரும் அறிந்த ஊர். திருத்தணி, நகரி, புத்தூர், திருப்பதி வழியாக எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர்.

அம்மாவுக்குக் கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் உண்டு. இந்நோயில் ஒருமுறை இழந்த பார்வை திரும்பி வராது. இருக்கும் பார்வையை மருந்தாலும் பரிசோதனையாலும் காத்துக்கொள்ள மாத்திரமே முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களைச் சித்தூர், காட்பாடி வழியாக வேலூருக்கு அழைத்துச் செல்கிறோம். மூட்டு வலியினால் அவர்களால் பேருந்துப் படி ஏற முடியாது. அநேகந்தரம் வண்டியை ஓட்டுவது என் மனைவிதான்.

சென்ற ஆண்டு அந்த வண்டியின் கியர் சிறிது சிறிதாக இறுகத் தொடங்கியது. பதினேழு வயதான வண்டி. முதல் கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம். காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலில் நின்று நின்று நகரும்போது, கியரைத் தள்ளித் தள்ளி என் மனைவியின் இடது தோள் வீங்கிவிட்டது.

நகரத்தில் ஒரு பணிமனையில் காட்டினோம். வண்டியைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச் செட் முழுவதும் மாற்ற வேண்டும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை வண்டியின் விலையில் பாதிக்கு மேல் இருந்தது. தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மா, "என் ஒருத்திக்காக நீங்கள் இவ்வளவு பணத்தைப் போட வேண்டாம், கண்ணா. வண்டியை விற்றுவிடுங்கள். இந்த வயதில் எனக்குக் கண் தெரிந்து என்ன ஆகப்போகிறது? நான் வேலூருக்கு வரவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

என் மனைவி வேறு விதமாய் யோசித்தாள். "இறுகுகிறது என்று சொன்னால் போதாது. எப்போது இறுகுகிறது, எந்தக் கியர் இறுகுகிறது என்று எழுதி வைப்போம்" என்றாள். பத்து நாட்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தாள். காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் சற்றுக் கடினம். பிறகு இலகுவாகிறது. நெரிசலில் அரைமணி நேரம் நின்றால் மறுபடியும் மிகக் கடினம். ஒரு கியர் மாத்திரம் அல்ல, எல்லாக் கியரும் கடினம். முதல் கியரும் ரிவர்ஸும் எல்லாவற்றிலும் மோசம். வண்டி ஓடும் வேகத்தில் குறைவில்லை. கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வரவில்லை.

அந்த நோட்டோடு சந்திரகிரிக்குப் போனோம். சித்தூர் சாலையோரம் தகரக் கொட்டகையில் பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் சாலையை ஆண்ட காலத்தில் தொழில் கற்றவர். அவ்வண்டிகளில் நெடுங்காலம் கியர் ராடு ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே இருந்தது. கைப்பிடியிலிருந்து கியர் பெட்டி வரைக்கும் பல இணைப்புகள். அவற்றில் ஒன்று காய்ந்தாலும் ஓட்டுநரின் கைக்குத் தெரிந்துவிடும். பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அதே ஆண்டு ஜனவரியில்தான், 1983 டிசம்பரில் தொடங்கிய மாருதி 800-இன் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது. ஆனாலும் அக்காலத்து வண்டிகள் இன்னும் சாலையில் இருக்கின்றன. அவற்றைக் கையால் அறிந்தவர்களும் சிற்றூர்களில் இருக்கிறார்கள்.

பெரியவர் நோட்டை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வண்டிக்குள் என்னை உட்கார வைத்தார்.

"இன்ஜினை நிறுத்துங்க தம்பி. ஹேண்ட் பிரேக் போடுங்க. இப்போ ஒவ்வொரு கியரா போட்டுப் பாருங்க."

போட்டேன். முன்னும் பின்னும் தள்ளும்போது கியர் எளிதாய் விழுந்தது. பக்கவாட்டில் நகர்த்தும்போது மாத்திரம் சற்று ஒட்டிக்கொண்டது.

"இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்சை முழுசா மிதிச்சு, அஞ்சு எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க."

கர்ரென்று சத்தம் வந்தது.

"ஏன் அண்ணா, கியர் பாக்ஸ் போய்விட்டதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பாவம், அது மேல ஏன் பழி போடறீங்க? இன்ஜின் நின்னப்போ நல்லா விழுதே. கியர் பாக்ஸ் கெட்டிருந்தா அப்பவும் தகராறு பண்ணுமே. உங்க கிளட்ச் முழுசா விடலை, அவ்வளவுதான்."

அவர் சொன்னதன் பொருளை வாசகர்களுக்குச் சற்று விளக்குகிறேன். இன்ஜினின் முனையில் ப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதோடு ஒட்டிச் சுற்றும் கிளட்ச் தட்டின் நடுவிலிருந்து ஒரு தண்டு கியர் பெட்டிக்குள் செல்கிறது. நாம் கிளட்ச் பெடலை மிதிக்கும்போது தட்டு ப்ளைவீலை விட்டு முற்றிலும் விலகிவிட வேண்டும். அப்போதுதான் அந்தத் தண்டு இன்ஜினின் பிடியிலிருந்து விடுபடும். தட்டு நூலிழை அளவு உரசிக்கொண்டிருந்தாலும் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும் தண்டோடு நிற்கும் சக்கரத்தைச் சேர்க்க நம் கை போராடும். அதுவே கியரின் இறுக்கம். ரிவர்ஸில் சத்தம் வருவதற்கும் காரணம் இதுதான். பெரும்பாலான பழைய சிறு வண்டிகளில் ரிவர்ஸுக்கு வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு கிடையாது.

முன்னோக்கிய கியர்களுக்கு அந்த அமைப்பு உண்டு. சிங்க்ரோமெஷ் என்பது அதன் பெயர். பித்தளை வளையம் ஒன்று முதலில் உரசி, இரண்டு பாகங்களையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பின்பே பற்களைச் சேர விடுகிறது. அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் 1928-இல் இதை முதன்முதலாகக் கார்களில் கொண்டுவந்தது. அதற்கு முன் ஓட்டுநர்கள் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு முறை மிதித்து, வேகத்தைக் காதால் அளந்து போட வேண்டியிருந்தது. கிளட்ச் முழுவதும் விடாத வண்டியில் நாம் கியரைப் பலமாய்த் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தப் பித்தளை வளையம்தான் தேய்கிறது. சிறிய செலவில் முடிய வேண்டிய கோளாறு, கை பலத்தால் பெரிய செலவாய் மாறுவது இப்படித்தான்.

பெரியவர் வண்டியின் முன்மூடியைத் திறந்து கிளட்ச் கேபிளைக் காட்டினார். உறைக்குள் ஓடும் கம்பியின் இழைகள் சில அறுந்து முள்போல் நின்றன. உறையும் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் இறுகியிருந்தது. பெடல் முழுவதும் கீழே போனாலும் அந்த அசைவு முழுவதும் கிளட்சுக்குப் போய்ச் சேரவில்லை. நெரிசலில் சூடு ஏற ஏற நிலைமை மோசமாயிற்று. நோட்டில் எழுதியிருந்ததற்கு விடை அங்கே இருந்தது.

புதிய கேபிள் போட்டு, பெடலின் மேல்பகுதியில் இருக்க வேண்டிய வெற்றசைவை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குத் திருத்தினார். வெற்றசைவு அதிகமானால் கிளட்ச் முழுவதும் விடாது. அறவே இல்லாவிட்டால் முழுவதும் பிடிக்காமல் வழுக்கித் தேயும். பிறகு வண்டியின் அடியில் படுத்து, கியர் ராடையும் பெட்டியையும் இணைக்கும் கம்பியின் புஷ்களைக் கழற்றினார். மண்ணும் காய்ந்த கிரீஸும் கட்டியாயிருந்தன. சுத்தம் செய்து, தேய்ந்த புஷ்ஷை மாற்றி, புது கிரீஸ் வைத்தார். பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுவே.

கடைசியாகக் கியர் ஆயிலை வடித்தார். கறுத்துப் பிசினாயிருந்தது. காலையில் இறுகியதன் காரணம் அதுதான். வடித்த ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் பார்த்தார். "பொன் தூள் மாதிரி மின்னலை. பித்தளை நல்லாயிருக்கு" என்றார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கையேட்டில் சொன்ன தரத்தில் சுமார் இரண்டு லிட்டர் புதிய ஆயில், நிரப்பும் துவாரத்தில் வழியும் மட்டும் ஊற்றினார். கியர் ஆயிலில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று வகைகள் உண்டு. எண் கூடினால் தரமும் கூடும் என்று எண்ணி மாற்றி ஊற்றக் கூடாது. ஜி.எல்.4 கேட்கும் பெட்டியில் மற்றதை ஊற்றினால் பித்தளை வளையங்கள் சரியாய் வேலை செய்யாமல் போகலாம்.

மாலைக்குள் வேலை முடிந்தது. நகரத்தில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. என் மனைவி ஓட்டிப் பார்த்தாள். இரண்டு விரலால் கியர் விழுந்தது. மறுநாள் விடியற்காலையில் அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்து வேலூருக்குப் புறப்பட்டோம். காட்பாடி பாலத்தில் வழக்கம்போல் நெரிசல். பாலம் முடியும்வரை அம்மா மருமகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தோள் வலிக்கிறதா, அம்மா?" என்று கேட்டார்கள். "இல்லை, அத்தை" என்றாள். அதன்பின் வண்டியை விற்கும் பேச்சை அவர்கள் எடுக்கவேயில்லை. அன்று பரிசோதனையில் கண்ணின் அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் சொன்னார்.

இதே தொல்லையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பிரயோஜனமாகும்படி, பெரியவர் சொன்ன வரிசையை அப்படியே தருகிறேன். முதலில் கிளட்ச் பெடலின் கீழே பாருங்கள். தடித்த மிதியடி மடங்கிக் கிடந்தால் பெடல் முழுவதும் இறங்காது. அடுத்து, இன்ஜினை நிறுத்தியும் ஓடவிட்டும் கியர் போட்டுப் பாருங்கள். ஓடும்போது மாத்திரம் இறுகினால் கிளட்சை விசாரியுங்கள். உங்கள் வண்டியில் கேபிளுக்குப் பதில் திரவத்தால் இயங்கும் கிளட்ச் இருந்தால், பெடலை இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு மிதியுங்கள். அதனால் கியர் இலகுவானால் குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது திரவம் கசிந்துகொண்டிருக்கும். இன்ஜின் நின்றபோதும் இறுகினால் இணைப்புக் கம்பிகளையும் புஷ்களையும் பாருங்கள். காலையில் மாத்திரம் இறுகினால் ஆயிலைப் பாருங்கள்.

ஒரே ஒரு கியர் மாத்திரம் சத்தமிட்டாலோ, கியர் தானாய் நழுவினாலோ, வடித்த ஆயிலில் உலோகத் துகள் மின்னினாலோ, அப்போது கியர் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது. அதுபோல இன்ஜின் இரைந்தும் வண்டி நகராமல் வழுக்கினால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே கேபிளை மாற்றிப் பயனில்லை.

ஓட்டும்போது கிளட்ச் பெடலின்மேல் காலையும் கியர் ராடின்மேல் கையையும் ஓய்வாக வைத்திருக்க வேண்டாம். வண்டி முற்றிலும் நின்றபின், இரண்டு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். நிற்கும்போது முதல் கியர் விழாவிட்டால் ஒருமுறை இரண்டாவது கியருக்குத் தள்ளிவிட்டு மீண்டும் முதலுக்கு வாருங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள்.

எங்கள் நோட்டுப் புத்தகம் இப்போதும் வண்டியின் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் ஆயில் மாற்றிய தேதிகள். மறுபக்கத்தில் அம்மாவின் கண் அழுத்தத்தின் அளவுகள். இரண்டையும் என் மனைவியே எழுதி வருகிறாள்.